எள்ளுப் பூத்த கோடையில் ஒரு தேன்பெட்டி

காவிரிப் படுகையில் தேனீ வளர்க்கப் போகிறேன் என்று சொன்னால், நெல் விளைகிற பூமியில் தேனீக்கு என்ன வேலை என்று கேட்பவர்களே அதிகம். அந்தக் கேள்வி நியாயமானதுதான். நெற்பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்று மணி பிடிப்பது. அதில் தேன் சுரப்பதில்லை. முற்பகலில் சிறிது நேரம் பூ விரிந்திருக்கும்போது மகரந்தத்துக்காகத் தேனீ வந்து போவதுண்டு, அவ்வளவே. கண்ணுக்கு எட்டிய தூரம் பசேலென்று கிடக்கும் சம்பா வயல் தேனீயின் கணக்கில் ஏறத்தாழ வெற்று வெளி. இந்த மண்ணில் அது பிழைப்பது நெல் இல்லாத ஓரங்களாலும் நெல் இல்லாத மாதங்களாலும்தான். ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு முதல் கோடையைக் கடந்த எனக்கு, தேனைவிட இந்த ஒரு செய்திதான் பெரிய வரவாகத் தோன்றுகிறது.

எங்கள் வீடு பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டி ஆற்றுத் தண்ணீர் வரும் வாய்க்கால் ஒன்றின் கரையில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் இருபது குழி நிலத்துக்குச் சற்றுக் கூடுதலான கொல்லை உண்டு. அது என் மாமியாரின் ஆட்சிக்கு உட்பட்டது; நான் அவரை அத்தை என்றுதான் அழைப்பேன். தை முடிந்து பனி விலகியதும் பரங்கி, புடலை, பீர்க்கு, வெள்ளரி விதைகளைக் குழியில் ஊன்றுவார். கத்தரி, மிளகாய் நாற்றைப் பிடுங்கிப் பாத்தியில் நடுவார். வெண்டையும் கொத்தவரையும் வேலியோரத்துக்குப் போகும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடப்பட்டு ஜூன் 12-இல் திறக்கப்படுவதால், இடைப்பட்ட மாதங்களில் எங்கள் வாய்க்காலில் மணலும் எருக்கஞ்செடியும்தான் இருக்கும். கோடைக் கொல்லை முழுக்கக் கைப்பம்பை நம்பியது.

சில ஆண்டுகளாகப் பரங்கிப் பிஞ்சுகள் கட்டைவிரல் பருமனுக்கு வந்ததும் மஞ்சளடித்து, வெம்பி, உதிர்ந்துகொண்டிருந்தன. அத்தை அதைக் கண்ணேறு என்று முடிவு செய்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்திய சட்டி ஒன்றைப் பந்தல்காலில் கவிழ்த்து வைத்தார். எனக்கோ அது மகரந்தச் சேர்க்கைக் குறைவாகத் தெரிந்தது. பெட்டி வாங்கும் எண்ணம் தொடங்கியது அந்த வெம்பிய பிஞ்சுகளில்தான். தேனாசை பிறகு வந்தது.

நம் ஊர்களில் காணப்படும் தேனீக்களில் எல்லாவற்றையும் பெட்டியில் வைக்க முடியாது. உயரமான மரத்திலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் ஒற்றைப் பெரிய அடையாகத் தொங்கும் மலைத்தேனீ கூண்டுக்குள் அடங்காது; வேலிப்புதரில் உள்ளங்கையளவு அடை கட்டும் கொம்புத்தேனீயும் அப்படியே. சுவர் இடுக்கிலும் மரப்பொந்திலும் குடியிருக்கும் கொடுக்கில்லாத கொசுத்தேனீயை வளர்க்கலாம். ஆனால் கிடைக்கும் தேன் மிகக் குறைவு. இருட்டான பொந்துக்குள் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டும் அடுக்குத்தேனீ, அதாவது நம் நாட்டு இந்தியத் தேனீ, பெட்டியையும் ஒரு பொந்தாகவே ஏற்றுக்கொள்கிறது. நான் வாங்கியது அந்த இனம். பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் பெட்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், தேனீக்கள் எல்லாம் அடைந்த பிறகு வாசலை வலையால் அடைத்து, இரவோடு இரவாக வண்டியில் ஏற்றிவந்து, விடியும் முன் எங்கள் மாமர நிழலில் கிழக்குப் பார்த்து இறக்கிவைத்தார். கிளம்பும்போது அவர் சொன்ன ஒரே அறிவுரை இது: "பெட்டியத் தெனம் தொறக்காதீங்கம்மா. வாசல்ல நின்னு பாருங்க, உள்ள என்ன நடக்குதுன்னு அதுவே சொல்லும்."

அந்தப் பெட்டிக்கு நியூட்டன் பெட்டி என்று பெயர். 1911 முதல் 1917 வரை இந்தப் பக்கத்துக் கிராமத்தாருக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்த நியூட்டன் பாதிரியார், நம் நாட்டுத் தேனீயின் உடலளவுக்கும் குடும்பத்தின் அளவுக்கும் ஏற்பச் சிறியதாக வடிவமைத்தது அது. கீழே அடிப்பலகை, அதன் மேல் ஏழு சட்டங்கள் கொண்ட புழு அறை, அதற்கு மேல் உயரம் குறைந்த தேன் அறை, பிறகு மூடி. இந்த அமைப்பின் உயிர்நாடி சட்டங்களுக்கு இடையே விடப்படும் இடைவெளியில் இருக்கிறது. ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் சந்து இருந்தால் தேனீ அதைத் தன் நடைபாதையாக விட்டுவைக்கும். கூடினால் அங்கேயும் அடை கட்டி இரண்டு சட்டங்களையும் ஒன்றாக ஒட்டிவிடும். அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத் 1851-இல் இதைக் கவனித்துப் பெட்டி செய்த பிறகுதான், அடையை நசுக்காமல் வெளியே எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்கும் தேனீ வளர்ப்பு உலகெங்கும் பரவியது. அதற்கு முன் தேன் எடுப்பது என்றால் புகைபோட்டுக் கூட்டைக் கலைத்து, புழுவும் முட்டையும் தேனுமாகச் சேர்த்துப் பிழிவதுதான். இன்றும் பொந்துத் தேன் எடுப்பவர்கள் பலர் அப்படித்தான் எடுக்கிறார்கள்.

பெரியவர் சொன்னபடி வாசலில் நின்று பார்த்ததில் பலன் இருந்தது. பின்னங்கால்களில் மகரந்த உருண்டையோடு தேனீக்கள் இறங்கினால் உள்ளே புழு வளர்கிறது, ராணி முட்டையிடுகிறாள் என்று பொருள், ஏனென்றால் மகரந்தம் முக்கியமாகக் குஞ்சுகளுக்கான தீனி. வெயில் ஏறியதும் சில தேனீக்கள் வாசற்படியில் வரிசையாக நின்று சிறகால் விசிறும். நாட்டுத்தேனீ இந்த வேலையைச் செய்யும்போது தலை வெளியே பார்த்திருக்கும், வால் பெட்டிக்குள் இருக்கும். இத்தாலியத் தேனீ நேர்மாறாகத் தலையைப் பெட்டிப் பக்கம் வைத்து விசிறும். ஒன்று வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிறது, மற்றது உள்காற்றை வெளியே இழுக்கிறது. பெட்டியை விரல் நுனியால் மெல்லத் தட்டினால் எல்லாத் தேனீக்களும் ஒரே நேரத்தில் சீறுவதையும் கேட்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் சீறலைக் கேட்பதே விளையாட்டாகிப் போய், தட்டக் கூடாது என்று பிறகு நான் அதட்ட வேண்டியதாயிற்று.

திறந்து பார்க்க வேண்டிய வேலையும் உண்டு, ஆனால் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை போதும். தென்னை நாரைப் புகைப்பானில் இட்டு, வாசலில் இரண்டு இழை புகை விட்டு, ஓரச் சட்டத்தை முதலில் தூக்க வேண்டும். வெயிலை முதுகுக்கு வைத்துக்கொண்டு சட்டத்தைச் சாய்த்தால் அறைகளின் அடிவரை வெளிச்சம் விழும். புதிதாக இட்ட முட்டை அறையின் அடியில் செங்குத்தாக நிற்கும், அடுத்த நாள் சாயும், மூன்றாம் நாள் படுத்துவிடும். ஆகவே ராணியைக் கண்ணால் காணாவிட்டாலும் நிற்கிற முட்டையைக் கண்டால் நேற்றோ இன்றோ அவள் அங்கே இருந்தாள் என்று உறுதி. ஆண் ஈக்களின் அறைகள் அடையின் அடிப்பக்கத்தில் பெரிதாக, மூடி புடைத்து இருக்கும். நாட்டுத்தேனீயில் அந்த மூடியின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளையும் இருக்கும். முதல் முறை அதைப் பார்க்கிறவர்கள் நோய் என்று பயந்துவிடுவார்கள். அது இயல்பு.

உண்மையான நோயின் வரலாறு இந்த மாநிலத்துக்கு நன்றாகவே தெரியும். 1991, 1992-இல் தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் நாட்டுத்தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதியை அழித்தது. பெட்டி வளர்ப்புக்குப் பேர்போன மார்த்தாண்டம் வட்டாரத்தில் பலர் தொழிலையே விட்டார்கள். அந்த நோயில் புழு கூட்டுப்புழுவாக மாறாமல், நீர் நிறைந்த பையாகி அறைக்குள்ளேயே மடியும். மருந்து இல்லை. தாங்கி நின்ற குடும்பங்களிலிருந்துதான் மறுபடியும் பெருக்கினார்கள். எனவே வாங்கும்போதே புழு அடையைப் பார்த்து வாங்குவது நல்லது; விலையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

சித்திரை பிறந்து அக்கினி நட்சத்திரம் நெருங்கியபோது பெட்டியின் கவலை தண்ணீராயிற்று. குஞ்சு வளரும் அடைப்பகுதியைத் தேனீக்கள் 34, 35 டிகிரி வெப்பத்தில் காக்கின்றன. வெளியே 39, 40 என்று கொதிக்கும்போது, தண்ணீரைக் கொண்டுவந்து அறைகளின் விளிம்பில் துளித்துளியாகப் பரப்பி, சிறகால் விசிறி ஆவியாக்கிக் குளிரவைக்கின்றன. வாய்க்கால் வறண்ட ஊரில் அந்தத் தண்ணீருக்கு அவை எங்கள் துவைக்கும் கல்லுக்கு வந்தன. சோப்புத் தண்ணீரில் நூற்றுக்கணக்கில் மொய்ப்பதைப் பார்த்து அத்தை வெகுண்டதால், அகலமான மண்சட்டியில் கூழாங்கல் பரப்பிக் கல்லின் தலை நனையும் அளவுக்கு நீர் ஊற்றி மாமரத்தடியில் வைத்தேன். அவை துவைக்கும் கல்லை மறக்கச் சிறிது காலம் பிடித்தது. பெட்டியின் மேல்மூடியில் நனைத்த சாக்கு ஒன்று. மாலையில் ஒரு கொத்துத் தேனீ வாசலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தால், உள்ளே புழுக்கம் என்று அறிந்து மறுபடியும் சாக்கை நனைப்போம்.

தண்ணீருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பெட்டி நிற்கும் முக்காலியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தாவிட்டால் எறும்பு ஏறும். கோடையில் கிண்ணம் ஒரே பகலில் வற்றும். ஒரு சருகு விழுந்தாலும் எறும்புக்குப் பாலம் ஆகும். எங்கள் மாமரத்தில் முசுறும் உண்டு. அவற்றுக்குத் தரை வழி வேண்டியதில்லை, தாழ்ந்த கிளையிலிருந்தே இறங்கிவிடும். கிளையை வெட்டினோம். நாட்டுத்தேனீயின் குணம் இங்கே முக்கியம்: எறும்புத் தொல்லை, கடும் வெயில், தீனிப் பஞ்சம், அடையைத் தின்னும் மெழுகுப்புழு இவற்றில் இரண்டு சேர்ந்துகொண்டால் அது எதிர்த்து நிற்பதில்லை, குடும்பத்தோடு வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். பெட்டி வைத்தவர்களில் பலர் "பறந்து போயிடுச்சு" என்று ஒரே சொல்லில் கதையை முடிப்பதன் பின்னால் பெரும்பாலும் வற்றிய கிண்ணம் ஒன்று இருக்கும் என்பது என் எண்ணம்.

இனி, பெட்டியை எதற்காக வாங்கினேனோ அந்தக் கொல்லைக்கு வருகிறேன். பரங்கிப் பூ விடியலுக்குச் சற்று முன்பே விரிந்து, வெயில் ஏறும்போது கூம்பிவிடும். ஆண் பூக்கள் முதலில் வரும். பெண் பூ பிறகுதான், அதுவும் எண்ணிக்கையில் குறைவாக. மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. யாராவது தூக்கிச் சென்றால்தான் உண்டு. பெண் பூவின் அடியில் சிறு பரங்கி ஒன்று தயாராகவே இருக்கிறது. போதுமான மகரந்தம் வந்து சேராவிட்டால் கொடி அதை வெம்பவிட்டு உதிர்த்துவிடுகிறது. பெட்டி வந்த பிறகு காலை ஆறு மணிக்கு ஆண் பூவுக்குள் இறங்கி, உடம்பெல்லாம் மஞ்சள் தூளோடு தடுமாறி வெளியே வரும் தேனீக்களைப் பார்க்க முடிந்தது. அந்த ஆண்டு பிஞ்சுகள் பெரும்பாலும் நின்றன. வெள்ளரியிலும் வேறுபாடு தெரிந்தது: ஒரு பக்கம் சூம்பி வளைந்த காய்கள் குறைந்தன; மகரந்தம் அரைகுறையாகச் சேரும்போதுதான் விதை பிடித்த பக்கம் பருத்து மற்றப் பக்கம் சூம்புகிறது. அத்தை இந்த வெற்றியில் பாதியைச் சட்டிக்கு எழுதினார். நான் மறுக்கவில்லை.

ஆனால் கொல்லையில் பாதிக்கு என் பெட்டியால் எந்தப் பயனும் இல்லை. புடலைப் பூ மாலையில் விரிந்து இரவெல்லாம் மணப்பது. அதன் விருந்தாளி அந்துப்பூச்சி. சுரையும் அப்படியே. பீர்க்கு மாலை நாலு, ஐந்து மணிக்கு மேல்தான் விரியும்; வீடு திரும்பும் நேரத்தில் ஒரு சில தேனீக்கள் எட்டிப்பார்க்கும். எல்லாவற்றையும்விட வேடிக்கை கத்தரி. அதன் மகரந்தப்பை பக்கவாட்டில் பிளப்பதில்லை. நுனியில் இரண்டு சிறு துளைகள் மட்டும் உண்டு, உலுக்கினால்தான் தூள் கொட்டும். நாட்டுத்தேனீக்கு அந்த வித்தை தெரியாது. பந்தல் மூங்கிலில் துளையிட்டுக் குடியிருக்கும் கருவண்டு, பூவைக் கால்களால் கவ்விக்கொண்டு, சிறகை அடிக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவைத்து, 'உர்ர்' என்ற ஒலியோடு மகரந்தத்தைத் தன் வயிற்றில் கொட்டிக்கொள்கிறது. பத்தடி தூரத்திலிருந்து அந்த ஒலியைக் கேட்கலாம். சாதாரணப் பறத்தலின் ஒலியைவிட அது சற்று உச்சத்தில் இருக்கும். கத்தரியும் தக்காளியும் காற்றசைவிலேயே ஓரளவு காய்க்கும் என்றாலும், கருவண்டு இருக்கும் கொல்லையின் காய்ப்பே தனி. மக்கிய மூங்கிலை மாற்ற வேண்டும் என்று கோடைக்கு முன் பேசிக்கொண்டிருந்தோம். மாற்றவில்லை. வளர்க்காமலே கிடைத்த அந்த வேலையாளுக்குக் குடியிருப்பாவது மிஞ்சட்டும்.

ஆக, காலையில் சிறிது நேரம் பரங்கியிலும் வெள்ளரியிலும் தலைகாட்டிவிட்டு, என் தேனீக்கள் மிச்சப் பகலெல்லாம் எங்கே போயின? பெட்டி வாசலிலிருந்து கிளம்பியவை கூரைக்கு மேல் எழும்பி, தெற்கே ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன. தீனி இருக்கும் திசையையும் தூரத்தையும் தேனீ தன் கூட்டாளிகளுக்கு அடை மேல் ஆடிக் காட்டுகிறது என்பதைக் கண்டறிந்ததற்காகக் கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். செங்குத்துக் கோட்டிலிருந்து ஆட்டம் எவ்வளவு சாய்கிறதோ, சூரியனிலிருந்து அவ்வளவு விலகிப் பறக்க வேண்டும். வாலை ஆட்டி ஓடும் நேரம் நீண்டால் தூரம் அதிகம். சட்டத்தைத் தூக்கிப் பிடித்து அதைப் படிக்கும் திறமை எனக்கு இல்லாததால், மிதிவண்டியை எடுத்துக்கொண்டு தெற்கே போனேன். ஒரு கிலோமீட்டருக்குள் விடை கிடைத்தது. வாய்க்காலுக்கு அப்பால் எள் பூத்திருந்தது.

எள்ளுப் பூவை நின்று பார்ப்பவர்கள் குறைவு. வெளிறிய ஊதா கலந்த வெண்மையில், குழல் வடிவில், தண்டோடு ஒட்டித் தலைகுனிந்து தொங்கும். விடியும்போது விரிந்து, மாலைக்குள் குழல் முழுதாகக் கழன்று மண்ணில் விழுந்துவிடும். ஆனால் அடுத்த கணுவில் மறுநாளைக்குரிய மொட்டு தயாராக இருக்கும். குழலுக்குள் தேனீ முழு உடம்போடு நுழைகிறது. மகரந்தப்பைகள் குழலின் மேல்புறத்தை ஒட்டி இருப்பதால் திரும்பி வரும்போது முதுகில் மட்டும் வெண்தூள், திருநீற்றுப் பட்டை இட்டதுபோல். அன்று முதல் என் பெட்டி வாசலில் வந்திறங்கும் தேனீக்களின் முதுகைப் பார்த்தே, இது எள்ளுக்காட்டுக்குப் போய்வந்தது, இது போகாதது என்று என்னால் பிரிக்க முடிந்தது.

அந்த எள் ஏன் அங்கே இருந்தது என்பதில்தான் படுகையின் தேனீக் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், வயலில் ஈரம் இருக்கும்போதே உளுந்தையும் பயறையும் நெல்லுக்குள் விதைத்துவிடுவது இங்குள்ள பழைய முறை. நெல்லை அறுக்கும்போது பயறு முளைத்து நிற்கும். பனியையும் மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் குடித்தே விளையும். இதற்கென்றே ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட உளுந்து ரகங்கள் உண்டு. கொஞ்சம் தண்ணீர் வசதி உள்ளவர்கள் மாசியில் எள் விதைப்பார்கள். அது பங்குனி, சித்திரையில் பூக்கும். அதே மாதங்களில் வேம்பு பூக்கிறது, இலுப்பை பூக்கிறது, சித்திரையில் புங்கன் பூத்துக் கொட்டுகிறது. தென்னை மட்டும் மாதத்துக்கு ஒரு பாளை என்று ஆண்டு முழுவதும் விடாமல் படியளக்கிறது. காவிரியில் தண்ணீர் இல்லாத மாதங்கள் மனிதனுக்கு வறட்சி. தேனீக்கு அவைதான் அறுவடைக் காலம்.

இந்த ஏற்பாடு முன்போல் இல்லை. ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்கள் சம்பா முடிந்ததும் கோடை நெல்லோ முன்பட்டக் குறுவையோ நட்டுவிடுகிறார்கள். நெல்லுக்கு விற்பனை உறுதி, எள்ளுக்கும் உளுந்துக்கும் ஒரு கோடை மழை போதும், அத்தனையும் போய்விடும் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஆண்டில் மூன்று முறை நெல் நிற்கும் ஊரில் தேனீக்குத் தென்னையும் வேலி மரங்களும் மட்டுமே மிஞ்சும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்த கஜா புயலில் தென்னந்தோப்புகள் கூண்டோடு சாய்ந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துப் பெட்டிகளின் படியளப்பும் சாய்ந்தது. மறுபடி வைத்த நாட்டுத் தென்னை பாளை விட ஆறேழு ஆண்டுகள் வேண்டும். எனக்குப் பெட்டி கொடுத்த பெரியவர் அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

எள்ளுக்காட்டை அடுத்த வயலில் பருத்தி நின்றது. பருத்தியிலும் தேனீக்கு வேலை உண்டு. பூவில் மட்டுமல்லாமல் இலையின் அடிப்புறத்து நடுநரம்பிலும் தேன் கசியும் சுரப்பி இருக்கிறது. ஆனால் பருத்தி என்றால் அசுவினியும் தத்துப்பூச்சியும், அவற்றுக்கு மருந்தும் கூடவே வரும். இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்துகள் தேனீக்குக் கொடிய நஞ்சு. தெளித்த வயலுக்குப் போன தேனீ வாசலில் வந்து சுழன்று சுழன்று சாகும். வயல்காரரை எங்கள் தெருவில் எல்லோரும் மாமா என்றே அழைப்போம். அவரிடம் போய் மருந்தே அடிக்காதீர்கள் என்று சொல்வது பேச்சுவார்த்தை ஆகாது. அடிப்பதை மாலை ஐந்தரைக்கு மேல் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அப்போது தேனீ வயலில் இருக்காது, மருந்தும் விடிவதற்குள் ஓரளவு காயும். அடிப்பதற்கு முதல் நாள் சொன்னால் நானும் மறுநாள் காலை வாசலைச் சற்றுத் தாமதமாகத் திறப்பேன் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "சாயங்காலம் காத்து அடங்கியிருக்கும், மருந்தும் மூஞ்சில அடிக்காது, அதுக்கென்னம்மா" என்றார். அந்தக் கோடையில் அவர் சொல் தவறவில்லை. அவருக்கு அறுவடையில் ஒரு பாட்டில் தேன் போயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தேன் எடுத்தது வைகாசியில். தேன் அறையின் சட்டங்களில் முக்கால் பங்குக்கு மேல் மெழுகு மூடி விழுந்தவற்றை மட்டும் எடுத்தோம். மூடாத அறையில் இருப்பது இன்னும் தேனாகவில்லை, நீர் அதிகம். உணவுப் பாதுகாப்புத் தரப்படி தேனில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நம் காற்றின் ஈரப்பதத்தில் நாட்டுத்தேனீ மூடிய தேனே சில நேரம் அதைத் தாண்டும், பிறகு பாட்டிலில் புளித்து நுரைக்கும். சுடுநீரில் நனைத்த கத்தியால் மூடியைச் சீவி, கையால் சுற்றும் பிழியும் கருவியில் சட்டங்களை நிறுத்திச் சுழற்றினால், தேன் தகரச் சுவரில் தெறித்து வழிந்து இறங்குகிறது. அடை உடையாமல் திரும்பப் பெட்டிக்குப் போகிறது. இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. புழு அறையில் இருந்த தேனைத் தொடவில்லை. வாய்க்கு இனிப்பு எட்டிய பிறகு தொண்டையில் ஒரு கசப்பு மெல்லத் தங்கியது. வேப்பம்பூ என்று அத்தையும், எள் என்று மாமாவும் தீர்ப்பு சொன்னார்கள்.

தேன் வீட்டில் இருப்பது தெரிந்ததும் தெருவே சோதனைச்சாலை ஆயிற்று. தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் நின்றால் சுத்தம், எறும்பு மொய்க்காவிட்டால் சுத்தம், தாளில் ஊறாவிட்டால் சுத்தம் என்று ஆளுக்கொரு பரீட்சை. கெட்டியான சர்க்கரைப் பாகும் இவற்றில் தேறிவிடும். ஈரம் கூடிய நல்ல தேன் தோற்றுவிடும். உறைந்த தேன் கலப்படம் என்பதும் இப்படித்தான்: எந்தப் பூவின் தேனில் குளுகோஸ் மிகுதியோ அது உறையும், வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்தால் இளகும். ஒரு விஷயத்தில் மட்டும் நான் வளைந்துகொடுக்கவில்லை. பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்க என்று கேட்டு வந்த உறவினருக்குத் தேன் தரவில்லை. தேனில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் விதைகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடல் அதைத் தாங்கும், ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும். வருத்தப்பட்டார்கள். முதல் பிறந்தநாளுக்கு ஒரு முழுப் பாட்டில் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கொல்லையின் விளைச்சலை விரித்துச் சொல்லத் தேவையில்லை. வைகாசி வெயிலில் கொத்தவரையையும் கத்தரியையும் உப்புப் போட்டு வேகவைத்து மொட்டைமாடியில் வற்றலாகக் காயவைத்தோம். மிளகாய் மோரில் ஊறியது. பரங்கிக்காய் பரணில் ஏறிற்று.

ஆனியில் தண்ணீர் வந்து வாய்க்கால் நிறைந்தபோது ஊர் மகிழ்ந்தது, பெட்டி வாடியது. எள் அறுப்பு முடிந்திருந்தது, வேம்பும் புங்கனும் காய்க்குப் போயிருந்தன, சுற்றிலும் குறுவை நடவு. மின்கம்பியில் பஞ்சுருட்டான் குருவிகள் வரிசையாக உட்கார்ந்து, திரும்பி வரும் தேனீக்களைக் காற்றிலேயே கொத்தின. அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை, செய்ய முடியாததும் ஒரு காரணம். ராணி முட்டையிடுவதைக் குறைத்தாள். தேனீ மொய்க்காத அடைகள் மெழுகுப்புழுவுக்கு அழைப்பு என்பதால், தேன் அறையைக் கழற்றி, காலி அடைகளை எடுத்து உருக்கி மெழுகாக்கினேன். நாட்டுத்தேனீ பழைய அடையைக் கடித்துக் கடித்து அடிப்பலகையில் துகளாகக் கொட்டும். அந்தத் துகளில்தான் புழு முதலில் பிடிக்கிறது, எனவே வாரம் ஒரு முறை அடிப்பலகையைத் துடைப்பது தப்பாத வேலையாயிற்று. சர்க்கரையையும் கொதித்து ஆறிய நீரையும் சமமாகக் கலந்து, இருட்டிய பிறகு பெட்டிக்குள்ளேயே வைத்தேன். பகலில் வைத்தால் வேற்றுக் கூட்டத் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும்.

இந்த நேரத்தில்தான் மாமா வந்து, தன் வீட்டுக்கும் ஒரு பெட்டி வேண்டும், சொல்லி வாங்கித் தா என்றார். தேன் பாட்டில் செய்த வேலை. நான் அவரை வாய்க்கால் கரை வழியாக நடத்திக் கூட்டிப்போனேன். ஆனி, ஆடியில் நடக்கும் தூரத்துக்குள் என்னென்ன பூத்திருக்கின்றன என்று இருவருமாகப் பார்த்தோம்: சில தென்னை, இரண்டு முருங்கை, கரையோரம் தும்பையும் கொழுஞ்சியும், மற்றதெல்லாம் நாற்று. ஒரு பெட்டியே சர்க்கரை தின்கிற மாதத்தில் இரண்டாவது வந்தால் இரண்டும் மெலியும் என்றேன். வருகிற மாசியில் அவர் எள்ளைக் கைவிடாமல் விதைப்பது, கரையில் நெடுகப் புங்கன் போத்து நடுவது, அது பூத்த பிறகு பெட்டி வாங்குவது என்று பேசிக்கொண்டோம். புங்கன் பூக்க நாலைந்து வருஷம் ஆகுமே என்று அவர் இழுத்தார். ஆகும் என்றேன். "அதுக்குள்ள பெட்டி வெல ஏறிடும், நீ இப்பவே ஒண்ணச் சொல்லி வச்சுடு" என்றார்.